என் பெயரில் உன் ரத்தம்

ஸ்ரீரங்கம்
9.4.2025

அன்புள்ள லிசி,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கன்னியர் மடத்தில் சேர்ந்ததும் போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாமே. அதனால் இந்தத் தபால்.

போன மாதம் கல்லூரி மருத்துவ முகாமில் ஊசிக்குப் பயந்து கழிவறையில் ஒளிந்தேன். நீ என் பெயரைச் சொல்லிக் கை நீட்டினாய். "வகுப்புல குடுக்கிற மாதிரி ஒரு ப்ராக்ஸிதானடி" என்றாய். உன் பெயருக்கு மறுபடி குத்திக்கொள்ளாமல் வந்துவிட்டாய்.

முடிவு இன்று வந்தது. என் பெயருக்கு நேரே சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. அது உன் ரத்தம், லிசி. எந்நேரமும் தண்ணீர் பாட்டிலும் கையுமாக இருந்தாயே. சுடிதார் தொளதொளத்ததே. வெயில் என்று சிரித்தோம்.

உடனே மடத்தில் சொல். மருத்துவரிடம் போ.

பயத்துடன்,
ரஞ்சனி

கன்னியர் மடம்
14.4.2025

அன்புள்ள ரஞ்சி,

இயேசுவின் சமாதானம் உன்னோடு. உனக்குத்தான் அது இப்போது தேவை!

ஆய்வகத்தில் யார் ரத்தத்தையோ மாற்றியிருப்பார்கள். தவக்காலத்தில் ஒருவேளைச் சாப்பாடு. மெலியாமல் என்ன செய்வேன்? 'உங்கள் உடல்நலத்தை நீங்களே பார்த்துக்கொள்ள முடியுமா, பத்துக்கு எத்தனை?' என்று முகாம் படிவத்தில் கேட்டதற்கு நம் இருவருக்கும் பத்து போட்டவள் நான். மறந்துவிட்டாயா?

நோய் என்று தெரிந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மா அங்கே மாப்பிள்ளை பார்த்தபடி இருக்கிறாள். யாரிடமும் மூச்சு விடாதே.

உன்,
லிசி

எழுத்து கோணலாக இருக்கிறதா? இரண்டு நாளாகக் கண் மங்குகிறது. வேறொன்றுமில்லை.

ஸ்ரீரங்கம்
17.4.2025

லிசி,

அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பரிசோதனை நிலையத்துக்குத் தனியாகப் போனேன். இரண்டு முறை வெளியே ஓடிவந்தேன். மூன்றாம் முறை அங்கிருந்த அக்கா, "கண்ண மூடிக்கங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். கையை நீட்டினேன். எனக்குத் தொண்ணூற்றொன்று. என் பெயரில் வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு என்னுடையதல்ல என்று மடத்தில் சொல்ல இது போதும். ஆய்வகம் தவறலாம், உன் தாகமும் கண்ணுமா தவறும்?

இதைத் தபாலில் போட்டுவிட்டு, மடத்துத் தலைமைச் சகோதரிக்குப் போன் செய்யப்போகிறேன். என்னை வெறுத்துக்கொள். உயிரோடு இருந்து வெறு.

ரஞ்சனி

எடமலைப்பட்டி புதூர்
7.5.2025

ரஞ்சனி,

நீ போன் செய்த அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா..." என்று மருத்துவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மடத்திலிருந்து என் பெட்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. போன் கைக்கு வந்தும் அழைக்காதது அதனால்தான்.

தினம் நான்கு இன்சுலின் ஊசி. இதுவரை அம்மா போட்டாள். திங்கள் முதல் அவள் வேலைக்குப் போகிறாள். நானே போட்டுக்கொள்ள வேண்டும். நேற்று ஊசியைப் பிடித்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். அந்தப் படிவத்தில் இப்போது பத்துக்கு ஒன்றுகூடப் போட முடியாது, ரஞ்சி. இதற்கு ப்ராக்ஸி கிடையாது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வா. எதுவும் பேசாதே. பக்கத்தில் உட்கார்ந்திரு.

லிசி