அம்மா உனக்காக எடுத்து வைத்த முட்டை

என் அருமை நைனா,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. நல்ல சேதி சொல்ல எழுதவில்லை. அம்மா விஷயத்தில் உன் உதவி வேண்டும்.

இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவளை பெங்களூர் ஈஜிபுராவில், என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறேன். எலும்பு கூடிவிட்டது. உட்கார்ந்தே இருந்ததில் தசை கரைந்துவிட்டது. உன் சைக்கிள் கேரியரில் தாவி உட்கார்ந்தவளின் கெண்டைக்கால் இப்போது என் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிறது. எழுந்திருக்கப் பார்த்தாலே ஆயாக்கள் ஓடிவந்து, "விழுந்துடுவீங்க அஜ்ஜி, உக்காருங்க" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

மாதக் கடைசிக்குள் நாற்காலியை விட்டுத் தானாக எழாவிட்டால் மாடிக்கு மாற்றிவிடுவார்களாம். மாடியில் எல்லாருமே படுத்த படுக்கை. அங்கே போனவர் யாரும் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை.

தினமும் நிற்கப் பழக வேண்டும், புரதமும் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் தசை தேறாது என்கிறாள் பிசியோதெரபி பெண். அம்மாவோ பருப்பையும் தயிரையும் தட்டோரம் ஒதுக்கிவிடுகிறாள். முட்டை என்றால்தான் முகம் மலர்கிறது. அது சுத்த சைவ இல்லம். பளிச்சென்று இருக்கிறதே என்று சேர்த்துவிட்டோம். கவுச்சி இல்லாமல் சோறு இறங்காத கேஜிஎஃப்காரி அங்கே என்ன சாப்பிடுவாள் என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா?

அதனால் தினமும் ஒரு அவித்த முட்டையை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போனேன். "அப்பறமா துன்றேன், நீ போ" என்பாள். நானும் நம்பினேன். நேற்று இல்லத்து மேட்ரன் கூப்பிட்டனுப்பினார். தலையணை உறைக்குள் அத்தனை முட்டையும் அப்படியே இருந்தது. எறும்பு, நாற்றம்.

"என்னம்மா இது?"

"உங்க நைனாவுக்குத்தான் எடுத்து வெச்சேன். ஷிப்டு முடிஞ்சி பசியோட வருவாரு இல்ல?"

நம் சுரங்கத்து லைன் வீட்டில் முட்டை உனக்கும் எங்களுக்கும். அவளுக்கு எப்போதும் வெறும் குழம்பு. நீ செத்ததை மறந்துவிட்டாள், இதை மறக்கவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஒரு நாளாவது அவள் தட்டில் ஒன்றை நீ எடுத்து வைத்திருக்கக் கூடாதா, நைனா?

"கேட்டுக்கு உள்ள இன்னொரு தடவை முட்டை பார்த்தா, கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார் மேட்ரன். கன்னடக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஹொரகடே, வெளியில நீங்க என்ன குடுத்தாலும் நான் பாக்கல" என்றார்.

இன்று காலை சக்கர நாற்காலியை கேட்டுக்கு வெளியே, டீக்கடை ஓரம் தள்ளிப் போனேன். முட்டையைக் கையில் வைத்ததும் கேட்டாள்.

"அவரு துன்னாரா?"

"துன்னுட்டாரு. இது உனக்குன்னு அவருதான் குடுத்தனுப்பினாரு."

என்னையே பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று பயந்தேன். பிறகு முழுசையும் சாப்பிட்டாள். கைப்பிடியை ஊன்றி, "அவரு தனியா இருப்பாரு, வா போலாம்" என்று எழுந்தாள். கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. கையை நீட்டிக்கொண்டு, தொடாமல் நின்றேன். அடுத்த நொடியே சரிந்தாள், தாங்கிக்கொண்டேன். ஆனால் எழுந்தாள், நைனா.

மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ கொடுத்தனுப்பியதாகச் சொல்லி ஊட்டுவேன், நீ வீட்டில் காத்திருப்பதாகச் சொல்லியே அவளை நிற்க வைப்பேன். மாடிக்கு அனுப்ப மாட்டேன், இது சத்தியம். நீ ஒன்றே ஒன்று செய். அவள் கனவில் வந்தால், பசிக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் மூத்த மகள்,
செல்வி