பதினோராவது வரி

2009 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 11.20. குறுந்தட்டுகள் இருபத்தேழு.

இரண்டு தரம் எண்ணிவிட்டேன். உன் மச்சான் பெரியபட்டினத்திலிருந்து பஸ்ஸில் டிக்கெட் போட்டு ஏற்றிவந்து என் அறை வாசலில் இறக்கிய பெட்டியில் இருந்தவை. கருவாட்டுப் பெட்டி. மூடியைத் திறந்ததுமே அறை முழுக்க உன் ஊர் வாடை. கூடவே உன் பதினான்கு அங்குல மானிட்டர், உப்புக்காற்றில் ஓரமெல்லாம் துருப்பிடித்தது.

"கடையக் காலி பண்ணியாச்சு. இதெல்லாம் ஒங்களுக்குத்தான் வெளங்கும்ண்டு உம்மா குடுத்துவிட்டாக" என்றார் மச்சான். தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

ஒவ்வொரு தட்டிலும் மார்க்கரால் எழுதிவைத்திருக்கிறாய். "போகல." "இதுவும் போகல." "மெதுவா எழுதுனது, போகல." ஒன்றில் மட்டும், "ஏலே நம்புலே."

நம்பவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். அழுவதற்கு இல்லை. அழ ஆள் இருக்கிறது, உன் இரங்கல் மடல்களைப் பார்த்தாலே தெரியும். மே மாதம் நீ மஞ்சள் காமாலையில் போன மறுநாள் நம் தமிழ் லினக்ஸ் மடற்குழுவில் ஒன்பது மடல் வந்தது. ஒன்பதிலும் ஒரே வாசகம். முதல் ஆள் எழுதியதை மற்ற எட்டுப் பேர் வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒருவர் உன் ஊரைத் தேவிபட்டினம் என்று போட்டிருந்தார். கடல் தெரிந்தால் போதும், அவருக்கு எல்லாம் ஒரே பட்டினம்தான். அந்தச் சூடு ஆறுமுன் பழைய சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். நிரலில் வருகிற கோளாறான 'பக்' என்பதற்குத் தமிழில் வழு என்பதா, பிழை என்பதா. நாற்பது மடல் ஓடியது. உன் பக் அறிக்கைக்கு ஒருவரி பதில் போட நேரமில்லாத அதே பெருந்தகைகள். நானும் அதில் மூன்று மடல் போட்டேன். வழு என்ற கட்சி.

உனக்கு ஞாபகம் இருக்கும், பாலிடெக்னிக்கில் நாம் ஒரே பெஞ்சு. நான் உப்பூர்ப் பக்கத்து விவசாயி மகன். மேலே படித்து இஞ்சினியர் ஆகி, இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சிஸ்டம் பார்க்க உட்கார்ந்தேன். நீ மேலே படிக்கவில்லை. ஊரிலேயே மூன்று பழைய கம்ப்யூட்டரை வாங்கிப்போட்டுக் கடை திறந்தாய். சவூதியில் இருக்கிற புருசனுக்கு மெயில் அனுப்ப வருகிற பெண்கள்தான் உன் வாடிக்கை. "இங்கன வாறவங்களுக்குத் தமிழ்தான் தெரியும். ஸ்டார்ட்டு பட்டன்லேருந்து தமிழ் வேணும்லே" என்றாய். நான் அப்போது, விண்டோசுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் டிஸ்ட்ரோ ஒன்றின் தமிழாக்கக் குழுவில் இருந்தேன். இந்தப் பக்கத்திலிருந்து வரும் பக் அறிக்கைகளைப் படித்துத் திறந்து மூடுகிற அதிகாரமும் என்னிடம் இருந்தது. சம்பளமில்லாத அதிகாரம். அதில் வருகிற திமிர் சம்பள உத்தியோகத்தில்கூட வராது.

லினக்ஸை நிறுவும் தட்டை உனக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் உன் முதல் அறிக்கை வந்தது. தமிழிலேயே எழுதியிருந்தாய், இரண்டு பக்கம். டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தது, கரண்ட் போய் வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேசியது, எல்லாம். கடைசியில் விஷயம்: தமிழ் என்று மொழியைத் தேர்ந்தால், நான்காம் பக்கத்தில் விளக்கம் மட்டும் வருகிறது, அதன்பிறகு ஒன்றுமில்லை, நின்றுபோகிறது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு நிறுவும் நிரலைக் கவனித்துவந்த பராமரிப்பாளனுக்கு அதை ஒருவரியில் ஆங்கிலமாக்கினேன். "என்னிடம் அப்படி நடக்கவில்லை" என்று அவன் எழுதினான். அவன் தமிழில் போட்டுப் பார்த்தானா? போடமாட்டான். நான் தமிழில் போட்டுப் பார்த்தேனா? என்னிடமும் அப்படி நடக்கவில்லை என்று எழுதினேன். ஆங்கிலத்தில் நிறுவி, ஆங்கிலத்தில் பார்த்து, தமிழில் பக் இல்லை என்று ஆங்கிலத்தில் சாட்சி சொன்னேன். தட்டு பழுது என்று காரணம் காட்டி மூடினேன்.

நீ வேறு தட்டில் எழுதிப் போட்டாய். நின்றது. இன்னொன்று. நின்றது. ஒருநாள் பஸ் ஏறி ஒரு தட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்தாய். சோதித்தேன். மூலத்தோடு ஒரு எழுத்து மாறாமல் பொருந்தியது.

"தட்டு சரியா இருக்குல்ல?" என்றாய்.

"தட்டு சரி. ஒன் டிரைவு நாறிப்போச்சு. மீன் கையோட தொட்டிருப்ப."

"நான் எங்கலே மீன் தொட்டேன்? ஏங் கடைக்கு வந்து பாருலே ஒருக்கா. ஒரு மணி நேரம் பஸ்ஸு."

"அதுக்கெல்லாம் நேரமில்ல."

அதைப் பற்றி நீ அனுப்பிய இரண்டாவது அறிக்கையையும் மூடினேன். காரணம், டிரைவ் பழுது. இங்கே உன்னையும் சொல்ல வேண்டும். நீ சண்டை போட்டிருக்கலாம். குழுவில் நேராக எழுதி என் மானத்தை வாங்கியிருக்கலாம். என்னை நம்பிப் புதுத் தட்டு வாங்கி எழுதிக்கொண்டே இருந்தாய். இருபத்தேழு வரைக்கும். இதற்குப் பெயர் பொறுமை என்று ஒன்பது மடல்காரர்கள் சொல்வார்கள். நான் மடத்தனம் என்பேன்.

போன வருசம் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்த கையோடு போன் பண்ணினாய். கடையில் பெரிய கம்ப்யூட்டரில் வைரஸ் வந்து விண்டோஸ் முக்குகிறது, லினக்ஸைப் பக்கத்திலேயே போட்டுவிடலாமா என்று கேட்டாய். விண்டோசும் இருக்கும், இதுவும் இருக்கும், ஒரு பைல் போகாது, தைரியமாகப் போடு என்றேன். என் மேசைக் கம்ப்யூட்டரிலும் அதே தட்டைப் போட்டு, ஆங்கிலத்தில், உன்கூடவே பக்கம் பக்கமாக நகர்ந்தேன்.

"ஏலே இஞ்சினியரு, நெறைய எழுத்தா ஒரு பக்கம் வருது. இதுலதான் எப்பவும் நிக்கும்."

"கீழ மூணு தேர்வு இருக்கும் பாரு. ரெண்டாவத எடு."

"கீழ ஒண்ணுமில்லலே."

"இருக்கும்."

"ஒங் கண்ணுல இருக்கு, ஏங் கண்ணுல இல்லையே. எழுத்து இருக்கு, எழுத்துக்குக் கீழ மானிட்டரு முடியுது, மானிட்டருக்குக் கீழ மேச இருக்கு."

"எழுத்தா இருந்தா அது முந்தின பக்கம். எனக்கு இங்கன மூணே வரிதான். ஒனக்கு ஒண்ணும் நிக்கல, நீதான் பயந்துக்கிட்டு நிக்கிற. என்டர தட்டு, தேர்வு வரும்."

"தட்டவா? உள்ள ஹாஜியார் வீட்டுக் கல்யாணப் படம் பூராம் கெடக்கு. ஸ்டூடியோக்காரன் சிடி போடக் குடுத்தது."

"தட்டுலே. எனக்கு வேற சோலி இருக்கு."

தட்டினாய்.

"இப்பவும் எழுத்தாத்தான் இருக்கு."

"இன்னொருக்கா தட்டு."

தட்டினாய். கொஞ்ச நேரம் கழித்து, "என்னமோ நீலமா நகருதுலே" என்றாய். நகரட்டும் என்று போனை வைத்தேன்.

நகர்ந்து முடித்தபோது விண்டோஸ் இல்லை. ஹாஜியார் வீட்டுக் கல்யாணமும் இல்லை. ஸ்டூடியோக்காரன் அடுத்த கல்யாணத்துக்காகக் கேமரா கார்டைத் துடைத்திருந்தான். கல்யாணப் பெண்ணின் அண்ணன் சவூதியில், தம்மாமில், லீவு கிடைக்காமல் அந்தப் படங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். உன் கடைக்கு 'அழிச்சான் கடை' என்று பேராயிற்று. பெண்கள் வருவது நின்றது. நீ என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய்: "நான் தப்பாத் தட்டல. தேர்வு வரவே இல்ல. அத நீ அங்கன எழுதுவியா?"

எழுதினேன். மூன்றாவது அறிக்கையாக நீ அனுப்பியதன் அடியில், பயனர் கவனக்குறைவு என்று எழுதி மூடினேன். செல்போனில் எடுத்த ஒரு படத்தையும் அனுப்பியிருந்தாய். கலங்கலாக இருந்தது, ஆனாலும் வரிகள் தெரிந்தன. அவை என் வரிகள். அந்தப் பக்கத்தைத் தமிழாக்கியவன் நான். 'வன்தட்டினைப் பாகங்களாகப் பகுப்பது குறித்த தங்களது விருப்பத்தினைத் தெரிவு செய்தருளுமாறு வேண்டப்படுகிறது' என்று தொடங்கும். படத்தைப் பார்த்துவிட்டு எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? எழுத்துரு நன்றாக விழுந்திருக்கிறது என்று. எழுத்தை ரசித்துவிட்டு அறிக்கையை மூடினவன் நான்.

உன் மானிட்டரை இன்று காலை என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். 640-க்கு 480 புள்ளிக்கு மேல் அது காட்டாது, அவ்வளவு சின்னத் திரை. உன் தட்டில் ஒன்றைப் போட்டு, முதல் தடவையாக, தமிழ் என்று தேர்ந்தேன். தமிழாக்கக் குழுவில் நான்கு வருசம். அதுவரை ஒருநாளும் தேர்ந்ததில்லை. குழுவில் வேறு யாரும் தேர்ந்திருக்கமாட்டார்கள் என்பதற்கு நான் பந்தயம் கட்டுவேன்.

நான்காம் பக்கம் வந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி. என் தமிழில் பதினொன்று. பத்து வரி முழுசாகத் தெரிந்தது. பதினோராவது வரி, ஏற்கெனவே உள்ளவை அழிக்கப்படும் என்ற எச்சரிக்கை, தலை மட்டும் தெரிய விளிம்பில் வெட்டுப்பட்டு நின்றது. அதற்குக் கீழே மூன்று தேர்வுகள், பின்செல்லும் பட்டன், எல்லாம் மானிட்டருக்கு வெளியே. முதல் தேர்வு தானாகவே தேர்ந்த நிலையில் இருக்கும்: முழு வன்தட்டையும் பயன்படுத்து, அதாவது இருப்பதையெல்லாம் அழி. என்டர் தட்டினால் அடுத்த பக்கம். அங்கேயும் என் விளக்கம், அங்கேயும் பட்டன் வெளியே. இன்னொரு என்டர், அவ்வளவுதான்.

தட்டு சரி. டிரைவ் சரி. நீ சரி. நீ சொன்ன மாதிரியே, மானிட்டருக்குக் கீழே மேசை இருந்தது.

எங்கள் குழு அந்தப் பதினோரு வரிக்காக எத்தனை நாள் விவாதித்தது என்று உனக்குச் சொன்னதில்லை. 'வன்தட்டு' என்பதற்குப் பதில் 'டிஸ்க்' என்று எழுதலாமா என்று கேட்டவரை மொழித் துரோகி என்றோம். 'அழியும்' என்பது கொச்சை, 'அழிக்கப்படும்' என்பதே செம்மை என்று நான் வாதாடி ஜெயித்தேன். தமிழை உயர்த்துகிறோம் என்று நினைத்தோம். உயரம் கூடிக் கூடித்தான் பட்டன் கீழே போனது. தமிழில் கம்ப்யூட்டர் வேண்டும் என்று உண்மையிலேயே கேட்ட ஒருவன் எங்களுக்குக் கிடைத்தான். அவனுக்கு நாங்கள் கொடுத்தது இது.

மச்சான் ஏன் தண்ணீர் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். படியிறங்கும்போது திரும்பினார். "ஹாஜியார் வீட்டுல வச்சு, யாருடா தட்டச் சொன்னாண்டு கேட்டாக. யாரும் சொல்லல, ஏங் கை அவசரம்ண்டுட்டான். ஒங்க கூடப் போன்ல பேசுனப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார். போய்விட்டார்.

என் பெயரை நீ ஏன் சொல்லவில்லை? நட்பு என்பாய். அந்த நட்பு எனக்கு வேண்டியதில்லை. என் பெயரை அன்றே சொல்லியிருந்தால், கோபத்திலாவது பஸ் ஏறி உன் கடைக்கு வந்திருப்பேன். அந்த மானிட்டரைப் பார்த்திருப்பேன். நீ 'அழிச்சான்' என்ற பேரோடு ஏழு மாதம் அந்தத் தெருவில் நடந்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் நீ ஒன்பது நாள் கிடந்தாயாம். எனக்குத் தெரியும். பார்க்க வரவில்லை. வந்தால் மூன்றாவது அறிக்கையைப் பற்றிக் கேட்பாய் என்று வரவில்லை.

இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது உன் ஒரு கேள்வி. பாடமெல்லாம் எதுவுமில்லை. "தட்டவா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்தாய், போனில் உன் மூச்சு கேட்டது. அந்தப் பொறுத்த நேரம் என்னிடம் இருக்கிறது. நீ போனதிலிருந்து ஆய்வகத்தில் யாராவது ஒரு மாணவன் விசைப்பலகையில் கைவைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தால் அது வந்துவிடுகிறது. எழுந்துபோய் அவன் திரையை என் கண்ணால் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.

இனிச் செய்யப்போவது:

1. மூடிய மூன்று அறிக்கைகளையும் இன்றே திறப்பேன். உன் தமிழை அப்படியே விடுவேன், டீ உட்பட. கீழே முழு ஆங்கிலம், வரிக்கு வரி. 'பயனர் கவனக்குறைவு' என்று எழுதிய இடத்தில் 'தமிழாக்கியவன் தவறு' என்று எழுதி என் முழுப்பெயரைப் போடுவேன்.

2. பதினோரு வரியை இரண்டு வரியாக வெட்டுவேன். முதல் வரியே 'உள்ளதெல்லாம் அழிந்துவிடும்'. மடற்குழுவில் அனுமதி கேட்கமாட்டேன். வழுவா பிழையா என்று அவர்கள் பேசி முடிக்கட்டும்.

3. எந்தத் தேர்வும் தானாகத் தேர்ந்து நிற்கக்கூடாது, ஆள் கைவைத்துத் தேராமல் அடுத்த பக்கம் போகக்கூடாது என்று பராமரிப்பாளனோடு சண்டை போடுவேன். அடுத்த வெளியீட்டுக்கான தட்டு அடுத்த மாதம் முடிவாகிறது. அதற்குள் இந்த மாற்றம் வரவில்லையென்றால் இந்த மாவட்டத்தில் ஒருவருக்கும் அந்தத் தட்டைக் கொடுக்கமாட்டேன்.

4. உன் உம்மாவைப் போய்ப் பார்ப்பேன். ஒன்பது நாளும் வராததற்குக் காரணம் கேட்டால், இருக்கிறதைச் சொல்லுவேன்.

5. வெள்ளிக்கிழமை ஜும்மா விட்டதும், ஆட்கள் தெருவில் நிற்கிற நேரமாகப் பார்த்து, ஹாஜியார் வீட்டுக்குப் போவேன். உங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தை அழித்தது அவன் இல்லை, அவன் கேட்டான், நான்தான் தட்டச் சொன்னேன் என்று சொல்லுவேன். உள்ளே வந்து உட்காரச் சொல்வார்கள், அந்த ஊர் வழக்கம் அது. உட்காரமாட்டேன். வாசலில் நின்றே சொல்லுவேன், தெருவுக்கும் கேட்கிற மாதிரி.