மருந்தம்மாவுக்கு ஒரு கேள்வி

மார்ச் 4

அன்பு மருந்தம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் 'ம்', 'சரிப்பா' இரண்டோடு நிறுத்திவிடுகிறாய், அதனால் காகிதம். வேலை பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் அழுதாயாமே? அங்கே மருந்தகத்தில் மெஷினே மாத்திரை எண்ணுகிறது, மெஷினே சரிபார்க்கிறது, பச்சை விளக்கு எரிந்தால் நீ டப்பாவை மூடவேண்டும். அவ்வளவுதானே? அடி பைத்தியமே, உழைப்பு குறைந்து சம்பளம் குறையாவிட்டால் அதற்குப் பெயர் லாபம். நம் இரும்புக்கடைக்கும் பில் போட மெஷின் வாங்கிவிட்டேன். கணக்குப்பிள்ளை இப்போது கொட்டாவிதான் விடுகிறார்.

அப்பா

மார்ச் 19

அன்புள்ள அப்பா,

லாபம் உங்களுக்கு, கொட்டாவி அவருக்கு. அவரைக் கேட்டீர்களா?

போன வாரம் ஒரு டாக்டர் சீட்டில் இரண்டு மருந்து சேரக்கூடாது என்று பட்டது. நிறுத்தினேன். சூப்பர்வைசர் வந்தார். "மெஷின் பாஸ் பண்ணிடுச்சு. நிறுத்த நீங்க யாரு?"

"பார்மசிஸ்ட்."

"அது சர்டிபிகேட்ல. இங்க நீங்க ஏழாம் நம்பர் மேசை."

விசாரித்தால், மெஷின்தான் சரி அப்பா. அதன்பிறகு நான் எதையும் நிறுத்துவதில்லை. சீட்டைப் படிப்பதும் இல்லை.

உங்கள் மகள்

ஆகஸ்ட் 2

மருந்தம்மாவுக்கு,

அம்மாவுக்கு மூட்டுவலிக்குப் புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பிரஷர் மாத்திரையோடு சேர்த்துப் போடலாமா? "அவ சொன்னாத்தான் வாயில போடுவேன்" என்று அடம். போனில் கேட்டதற்கு 'பார்த்துச் சொல்றேன்' என்று வைத்தவள்தான் நீ. இரண்டு மாத்திரை அட்டையும் உறைக்குள் இருக்கின்றன. படிக்கிற காலத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொல்வாயே, அப்படி ஒரு வரி போதும்.

அப்பா

ஆகஸ்ட் 15

அப்பா,

அட்டைகளைப் பார்த்தேன். படித்த பக்கம் ஞாபகம் இருக்கிறது. அதில் இருந்தது ஞாபகம் இல்லை. கண் தானாகப் பச்சை விளக்கைத் தேடியது. புத்தகத்தைப் புரட்டினேன். 'கவனம் தேவை' என்று போட்டிருக்கிறது. எவ்வளவு கவனம் என்று சொல்லத்தான் என்னைப் படிக்கவைத்தீர்கள். என்னால் சொல்ல முடியவில்லை. டாக்டரையே கேளுங்கள். மருந்தம்மா என்று இனி என்னைக் கூப்பிடாதீர்கள்.

மகள்

ஆகஸ்ட் 27

மகளுக்கு,

டாக்டரைக் கேட்டேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். "நம்ம பொண்ணு என்ன சொன்னா?" என்றாள் அம்மா. "மாத்தணும்னு பார்த்த உடனே சொல்லிட்டா" என்றேன். சிரித்துக்கொண்டே விழுங்கினாள். வியாபாரத்தில் பொய் எனக்குப் புதிதில்லை. இப்படி நஷ்டத்துக்கு ஒன்றை விற்றதில்லை.

பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்து எங்கே உட்காருவாய்? இங்கே மருந்துக்கடைகளிலும் அந்த மெஷினை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா கேட்டால், பார்த்த உடனே சொன்னதாகவே நீயும் சொல்லிவிடு.

அப்பா