எறும்பா, தேளா, கழுதையா

என் பிடிவாதக்காரருக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். நலமில்லாமல்தானே அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். இங்கே நான் நலம். உங்கள் தம்பி அரை நலம். மீதி அரைக்கு என்ன ஆயிற்று என்று கீழே எழுதுகிறேன்.

போனில் சொன்னால் போதாதா என்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் குழாய் ஒழுகுகிறதா, கொட்டகைக்குள் மழைத்தண்ணீர் வந்ததா என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள். குழாய் ஒழுகவில்லை. தண்ணீர் வந்தது, ஆனால் உங்கள் பழைய காரின் சக்கரத்தைத் தொடவில்லை. பக்கத்து வீட்டம்மா மறுபடியும் பெட்ரோல் வாடை என்று முறையிட்டார். ஆள்தான் ஆஸ்பத்திரியில இருக்காரு, வாடையாவது வீட்டுல இருக்கட்டுமே என்றேன். பாவம், சாயங்காலமே ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவந்து கொடுத்தார்.

நேற்று உங்கள் அக்கா வார்டிலிருந்து பேசினார். ஆபரேஷனுக்குச் சம்மதக் காகிதத்தை டாக்டர் நீட்டினாராமே. நீங்கள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் சுத்தின காயில் வேலை செய்யுதான்னு தெரியாம எனக்கு மயக்க ஊசி போடாதீங்க என்றீர்களாமே. எந்தக் காய் என்று டாக்டர் முழித்தாராம். இதய வால்வு இந்த வாரத்தைத் தாண்டாது என்று மனுஷர் தலைதலையாக அடித்துக்கொள்கிறார், உங்களுக்கு அந்தக் கிழட்டு வண்டிக்குப் பொறி கொடுக்கும் மேக்னட்டோவும் அதற்கு நீங்கள் சுற்றிய கம்பிச்சுருளும் கேட்கிறதோ? எனக்கு வந்த கோபத்தில் அடுப்பை அணைத்துவிட்டு உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன். வா தம்பி, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடுவோம் என்றேன்.

கல்யாணமான புதிதில் நீங்கள் மேக்னட்டோ சோதித்த லட்சணம் எனக்கு மறக்கவில்லை. மீட்டர் எதுக்கு, விரல் இருக்கே என்பீர்கள். பிளக் ஒயரின் நுனியைப் பிடித்துக்கொண்டு வண்டியின் முன்னால் எஞ்சினைச் சுழற்றும் கைப்பிடியை என்னைச் சுற்றச் சொல்வீர்கள். சுருக்கென்றால் எறும்பு. விறுவிறு என்று ஏறினால் தேள். ஆளையே தூக்கிப்போட்டால் கழுதை. கழுதை உதைத்தால்தான் எஞ்சின் கிளம்பும் என்பது உங்கள் விஞ்ஞானம். அந்த உதையெல்லாம் வாங்கிய நெஞ்சுதானே இது!

நாங்கள் முறையாகத்தான் ஆரம்பித்தோம். பிளக்குகளைக் கழற்றியதால் எஞ்சின் லேசாகச் சுற்றியது. ஒயர் நுனியைத் துணி கிளிப்பில் பிடித்து, எஞ்சின் உடம்பிலிருந்து மூன்று தீக்குச்சி கனம் தள்ளி வைத்தார் உங்கள் தம்பி. கொட்டகைக் கதவைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு நான் சுற்றினேன். பொறி இல்லை. நீங்கள் செய்வதுபோல் மேக்னட்டோவில் தொட்டுத் தொட்டுப் பிரியும் பாயிண்டுகளுக்கு நடுவே காகிதத்தைச் செருகி இழுத்துத் துடைத்தேன். மறுபடி சுற்றினேன். ஒன்றுமே இல்லை. எறும்புகூட இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் படிப்பலகையில் உட்கார்ந்து அழுதேன். கழுதை உதைத்தது என்று பொய்யாக எழுதிவிடலாமா என்றும் யோசித்தேன். கையெழுத்து வாங்க அதைவிடப் பெரிய பொய்யும் சொல்லத் தயார்தான். ஆனால் என் எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்களே!

அப்போது என்னைத் தேற்றுகிறேன் என்று உங்கள் தம்பி ஒரு பெருமை சொன்னார். அழாதீங்க அண்ணி, ஸ்விட்ச்கிட்ட ஒரு ஒயர் அநாதையா தொங்கிச்சு, நேத்தே அதைச் சேத்து டேப் சுத்தி ஜம்முன்னு பண்ணிட்டேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரிலுள்ள வீட்டுக்கெல்லாம் ஒயரிங் செய்கிறவர், தொங்கும் ஒயரைக் கண்டால் கை சும்மா இருக்குமா? அந்த ஸ்விட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டது என்று நீங்கள்தானே வேண்டுமென்றே ஒயரைப் பிரித்துவிட்டிருந்தீர்கள். நம்ம வீட்டு ஸ்விட்ச் மாதிரி இல்லடி, இது சேந்தா செத்துடும், பிரிஞ்சாத்தான் பொறி வரும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். டேப்பைப் பிய்த்து ஒயரைப் பிரித்தேன்.

உங்கள் தம்பிக்கு நம்பிக்கை இல்லை. கிளிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒயரை வெறும் விரலால் பிடித்தார். வேண்டாம் தம்பி என்றேன். நான் பாக்காத கரண்டா, நீங்க சுத்துங்க அண்ணி என்றார். சுற்றினேன். ஐயோ அம்மா என்று ஒரு சத்தம். ஆள் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். பதறிப்போய் ஓடினேன். அவர் கையை உதறிக்கொண்டே, கழுதைதான் அண்ணி, சந்தேகமே இல்ல, கழுதை என்று சிரிக்கிறார். பிறகு கிளிப்பை வைத்தும் பார்த்தோம். நீலப் பொறி, பளிச்சென்று, சுற்றினபோதெல்லாம். நீங்கள் சுற்றிய காயில் அருமையாக இருக்கிறது. சாட்சிக்கு, இன்றே இக்கடிதத்தைக் கொண்டுவருகிற உங்கள் தம்பியின் விரலைப் பாருங்கள்.

பிளக்கை மாட்டி ஒரு தடவை கிளப்பிப் பாத்துடலாமே என்று அவர் கேட்டார். கூடவே கூடாது என்றேன். ஏன் என்றதற்கு, பிளக்குகளை டப்பாவில் போட்டு மூடினேன். காரணத்தை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் இல்லாமல் அது ஒரு தடவை கிளம்பிவிட்டால், நீங்கள் இல்லாமலும் எல்லாம் நடக்கும் என்று ஆகிவிடும். எனக்கு அது வேண்டாம்.

மேக்னட்டோ வெறும் சாக்கு என்று எனக்குத் தெரியாதா? உங்களுக்குப் பயம். எனக்கு உங்களைவிடப் பயம். பயம் போன பிறகு கையெழுத்துப் போடலாம் என்று இருந்தால் ரெண்டு பேருக்கும் அது போகப்போவதில்லை. பயத்தோடேயே போட்டுவிடுங்கள், என் ராசா. கையெழுத்து கோணலாக விழுந்தாலும் பரவாயில்லை. நாளைக் காலை பஸ்ஸில் நான் வந்துவிடுவேன். உள்ளே கொண்டுபோகும்வரை உங்கள் கையை விடமாட்டேன். திரும்பி வரும்போதும் அங்கேயேதான் நிற்பேன். நீங்கள் கண்ணைத் திறந்தால் மட்டும் போதும். மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் நெடுங்காலம் நீங்கள் திட்டத் திட்டக் கைப்பிடி சுற்றவேண்டும் என்ற ஆசையுடன்,
உங்கள் வீட்டுக்காரி