மேக்பைக்குத் தெரிந்த முகம்

டூவூம்பா, ஆஸ்திரேலியா, செப்டம்பர்

என் கிளாரி,

முதியோர் இல்லத்து நர்ஸ் இதை உனக்கு வாசித்துக் காட்டுவாள். நம் வாசல் யூகலிப்டஸில் அந்தக் கறுப்பு வெள்ளை மேக்பை பறவை இந்த வசந்தத்திலும் கூடு கட்டிவிட்டது. நேற்று நீயே பார்த்தாய்.

கார் மேல் எச்சமிடுகிறதென்று பன்னிரண்டு வருடம் முன்பு அதன் கூட்டில் ஹோஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சினேன். அன்றிலிருந்து கூடு கட்டும் காலமெல்லாம் என் தலையை மட்டும் தேடி வந்து கொத்துகிறது. "அது உன் மூஞ்சிய மறக்காதுடி, நல்லா வாங்கிக் கட்டிக்கோ!" என்று சிரிப்பாய். தினமும் கொத்துக்கறி போட்ட உன்னை அது தொட்டதே இல்லை.

நேற்று உன்னைக் காரிலிருந்து இறக்கினேன். நீ இல்லத்துக்குப் போய் இரண்டு வருடம் கழித்தும் அது உன் காலடிக்கு வந்து நின்று பாடியது. எனக்கு உயிரே வந்தது. அடுத்த நிமிடம் என் மண்டையில் ஒரு கொத்து.

நீ உன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தாய்.

"பயப்படாதீங்கம்மா. தெரிஞ்சவங்கள இது ஒண்ணும் செய்யாது. நீங்க இந்த வீட்டுக்குப் புதுசுதானே, அதான்."

நாம் சேர்ந்து வாழ்ந்து நாற்பத்தொரு வருடம், கிளாரி.

இன்று காலை தொப்பியை உள்ளேயே வைத்துவிட்டு, வெறும் தலையோடு மரத்தடியில் போய் நின்றேன். பாய்ந்து வந்து கொத்தியது. நகராமல் நின்றேன். அதற்காவது என்னை அடையாளம் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் தொப்பியைத் திருப்பித் தராத அந்தப் பெண்மணி