குரூப்பைப் பூட்டிய கிறிஸ்துமஸ்

டிசம்பர் 19

காலையிலிருந்து மப்பும் மந்தாரமும். சம்பா நெல் பால் பிடிக்கிற நேரம். புகையான் பூச்சி விழாமல் இருக்க வேண்டும். மருந்து வாங்க வேண்டும். தோசைக்கு ஊறப்போட வேண்டும்.

முறைத் தண்ணீர் யாருக்கு எப்போது என்று சொல்லத்தான் வாய்க்கால் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தது. யாரும் முன்வராததால் அட்மின் வேலையை என் தலையில் கட்டினார்கள். இப்போது தண்ணீரைவிட வாழ்த்துதான் அதிகம் பாய்கிறது. "ரம்ஜானுக்குப் பெரிய படமா போட்டீங்க, ஆயுத பூஜைக்கு மட்டும் சின்னதா?" இதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பண்டிகை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்தால்தான் போன் மூச்சு விடுகிறது. அலுப்பு.

அடுத்து கிறிஸ்துமஸ். குரூப்பில் கிறிஸ்தவ வீடு ஒன்றுதான், டிராக்டர் மெக்கானிக் அருள்ராஜ் அண்ணன் வீடு. அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா ஐப்பசியில் தவறிவிட்டார். யார் பண்டிகையானாலும் விடிந்ததும் முதல் வாழ்த்து அக்காவுடையது. படம் அனுப்பத் தெரியாது, பேசித்தான் அனுப்புவார்.

டிசம்பர் 22

தூறல். துணி காயவில்லை.

துக்க வீடு, இந்த வருஷம் பண்டிகை ஏது? மாமனார் இறந்த வருஷம் தீபாவளிக்கு ஒருவர் தெரியாமல் ஸ்வீட் டப்பாவோடு வந்து நின்றதும் மாமியார் முகம் போன போக்கு மறக்கவில்லை. யாராவது கேக் படம் போட்டு அண்ணனை நோகடித்துவிடுவார்கள். அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று மாற்றிவிட்டேன். பண்டிகை முடியும்வரை.

என் வீட்டுக்காரர்: "நல்லதுதான். உனக்கும் ரெண்டு நாள் நிம்மதி." அந்த ஆசையும் இருந்தது. பொய் சொல்வானேன்.

டிசம்பர் 24

மருந்து வாங்க ஜமால் பாய் கடை. அவரும் குரூப்பில் இருக்கிறார்.

"ஏம்மா வசந்தா, குரூப்ப பூட்டி வச்சிருக்க?"

காரணத்தைச் சொன்னேன்.

"அது உங்க வழக்கம். அவர்ட்ட கேட்டியா? வாசல்ல ஸ்டார் தொங்குதே, பாக்கல?"

கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. திரும்பும்போது அந்தத் தெரு வழியாக வந்தேன். ஸ்டார் இருந்தது. அண்ணன் போனை வைத்துக்கொண்டு வாசலில்.

"வாம்மா. என்னை குரூப்லேருந்து எடுத்துட்டீங்களோன்னு நெனச்சேன். எதுவும் அனுப்ப முடியல."

"என்னண்ணே அனுப்பணும்?"

"போன வருஷம் அவ பேசுனது எங்கிட்ட இருக்கு. நாளைக்கு விடிஞ்சதும் அதையே போட்டுடலாம்னு. அவ போடாம ஒரு பண்டிகையும் போனதில்லையே."

"துக்க வருஷம்னு நான்தாண்ணே..."

"எங்கள்ல தள்ளி வைக்க மாட்டோம்மா. அழுதுகிட்டாவது கோயிலுக்குப் போவோம். ஒருத்தரும் வாழ்த்து சொல்லலன்னா, அவ போனதோட எங்கள மறந்துட்டாங்கன்னுதான் தோணும்."

அங்கேயே நின்று பூட்டைத் திறந்தேன். டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

மருந்தை அவர் வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

டிசம்பர் 25

பனி. பால் லேட்.

விடிந்ததும் வந்துவிட்டது. அக்கா குரல். பின்னால் குக்கர் சத்தம்.

"எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துங்க. மழ விட்ட மாதிரி இருக்கு, வயல் தண்ணிய வடிச்சு விடுங்க. வசந்தா, கலகலா பலகாரம் எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்க. டப்பாவ மட்டும் திருப்பிக் குடுத்துரு."

போன வருஷம் இதைக் கேட்டேனா என்றே தெரியவில்லை. மற்றதோடு சேர்த்து அழித்திருப்பேன்.

முதலில் ஜமால் பாய்: "உங்களுக்கும் வாழ்த்துகள் தங்கச்சி." அதன்பின் ஒவ்வொருவராக. "உங்களுக்கும் அக்கா." "வடிச்சாச்சு அக்கா."

நான் அடுக்களைக்குப் போய் மேல் தட்டில் அக்காவின் டப்பாவைத் தேடினேன். நீல மூடி. உளுந்து போட்டு வைத்திருக்கிறேன்.

கொட்டிக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. வெறும் டப்பாவாகக் கொடுக்கக் கூடாது. வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.