அப்பா சொல்லும் ‘சரி’

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். உன் சுரங்க முகாமில் போன் எடுக்காது என்பதால், அங்கே சாமான் ஏற்றி வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதறாமல் படி. படித்ததும் கிளம்பிவிடு.

அப்பாவை அரசாங்க ஆட்கள் காய்ச்சல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீடு வீடாக விசாரிக்க வந்தவர்கள், வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் காய்ச்சல் இருக்கா, தொண்டை வலிக்குதா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி ‘சரி சரி’ என்றிருக்கிறார். வெயிலில் இருந்த உடம்பு, தொட்டால் சுடத்தானே செய்யும். நான் குளித்துவிட்டு வருவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

லேத் பட்டறை அவர் காதைத் தின்றது நமக்கே அரைகுறையாகத்தான் தெரியும். பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே இத்தனை நாள் சமாளித்திருக்கிறார். இப்போது காய்ச்சலுக்குப் பயந்து ஊரே துணியால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறது. காது கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, எதற்கெடுத்தாலும் சரி. முன்பு நீ போனில் பெண் பிடிக்கவில்லை என்றபோதும் சரி, பிடித்திருக்கிறது என்றபோதும் சரி. அப்போது விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த வார்டில் கிடந்து இப்போது நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது. எதிர்வீட்டு வாத்தியாரும் அவர் மனைவியும் இதே காய்ச்சலில் அடுத்தடுத்துச் செத்துப்போனபின், ஆட்களைக் கூட்டிப்போவதே தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் வயிறு எரிகிறது.

விஷயம் ஊசிதான். பட்டறையில் கை வெட்டுப்பட்டபோது போட்ட ஊசியில் அப்பாவுக்கு முகம் வீங்கி மூச்சு முட்டியதே, நீதானே தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாய். காய்ச்சல் ஏறியவர்களுக்கு இங்கே அதே மருந்தைத்தான் போடுகிறார்கள். சுகாதார அதிகாரியிடம் போனில் கெஞ்சினேன். “சட்டப்படி யாரையும் கேக்கணும்னே இல்லம்மா. ஆனாலும் அந்த மருந்து ஒத்துக்குமான்னு கேட்டோம். சரின்னுதான் சொன்னாரு” என்றார். அவருக்குக் காது கேட்காது என்றேன். எல்லா வீட்லயும் இப்படி ஏதாவது சொல்றாங்க, நேர்ல வந்து எழுதிக் குடுங்க என்று வைத்துவிட்டார். நான் எப்படிப் போவேன்? வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று நம் கதவிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அலுவலக வாசலில் பெயர் சொன்னால் என்னையும் ஏற்றிவிடுவார்கள். நீ வந்து எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

இன்று மத்தியானம் பின்பக்கமாக நழுவி ஆஸ்பத்திரி மதிலோரம் போய் நின்றேன். அப்பா மாடி ஜன்னலில் இருந்தார், பாதியாக இளைத்திருந்தார். முகத்துணியை இறக்கி, உதட்டை நன்றாக அசைத்து, ஊசி போட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். காவலர் விரட்டிக்கொண்டே வந்தார். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். அவர் உதடும் அசைந்தது. சரி என்றார்.

புரிந்து சொன்ன சரியா, அந்தப் பழைய சரியா, எனக்குத் தெரியவில்லை தம்பி.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். லாரிக்காரரிடம் சரி என்று சொல்லி அனுப்பிவிடாதே. அதே லாரியில் ஏறி வா.

உன் வழியையே பார்த்திருக்கும்,
அக்கா